பொங்கோல் ரசிகரின் கேள்வி

என் அப்பாவிடம் எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்பவர் முன்பின் தெரியாத ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாத ஆள் கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். கேள்வியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்பார். கோப்பி ஆறிப்போகும்வரை யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அதே மனிதரிடம் அம்மா, "ஏங்க, இப்பல்லாம் ஏன் ரெண்டு தலகாணி வச்சுப் படுக்கிறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். அதற்கு யோசிக்கவே மாட்டார்.

தெரியாத ஆட்கள் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி அவருடைய உயிர் சுவா சூ காங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல்தான் இருந்தது. அந்த மேசையில் உட்கார்ந்து அவர் ஒரு பகடை கிரிக்கெட்டை உருவாக்கியிருந்தார். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. சிவப்புப் பகடை ஒன்று, வெள்ளைப் பகடை ஒன்று. இரண்டையும் உருட்டி, விழுந்த எண்களைக் கார்டில் பார்த்தால் ஓட்டமா, அவுட்டா, நோ பாலா என்று தெரிந்துவிடும். ஒரு பந்துக்கு ஓர் உருட்டு. அப்படியே ஒரு முழு ஆட்டம். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆடுகிறவர்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அந்த ஆட்டத்தில் அப்பாவுக்கு மிகவும் பெருமை தந்த விஷயம் பொத்தான்கள். சாதாரணச் சட்டைப் பொத்தான்கள்தான், அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து எடுத்தவை. ஒவ்வொரு ஆட்டக்காரரின் கார்டின் மேலும் சில பொத்தான்கள் இருக்கும். அது அவருடைய தெம்பு. ஓர் ஆட்டம் ஆடினால் ஒரு பொத்தானை எடுத்துவிட வேண்டும். ஓர் ஆட்டம் வெளியே உட்கார வைத்து ஓய்வு கொடுத்தால் ஒரு பொத்தான் திரும்ப வரும். பொத்தானே இல்லாதவரைத் தொடர்ந்து ஆட வைத்து, இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்துவிட்டால் போச்சு, காயம். கார்டைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

"என் டப்பாவுல ஒரு வெள்ளப் பொத்தான்கூட இல்ல. சட்டையில பொத்தான் பிஞ்சா ஊக்குதான் குத்திக்கணும்" என்று அம்மா சத்தம் போடுவாள். அந்த ஆட்டத்தோடு அவளுக்கு இருந்த உறவு அவ்வளவுதான் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பகடை உருளும் சத்தம் கேட்டாலே தலை வலிக்கிறது என்பாள். மேசையைச் சாப்பாட்டுக்கு ஒழித்துக் கொடுக்கும்படி தினமும் சண்டை நடக்கும்.

ஆட்டத்தை ஊருக்குத் தெரியவைத்தது மாமா. அம்மாவின் தம்பி. பாலிடெக்னிக் படிப்பை முடித்து, அப்போதுதான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து எங்கள் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தார். கார்டுகளையும் விதிகளையும் அவர் ஒரு வலைப்பக்கத்தில் போட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சடித்து ஆடிக்கொள்ளலாம். கீழே ஒரு கேள்விப் பெட்டி. பெயர், ஊர், கேள்வி. யார் எழுதப்போகிறார்கள் என்றுதான் நினைத்தோம். எழுதினார்கள், அம்மாடி! ஜோகூரிலிருந்து, தெம்பனிஸிலிருந்து, கப்பல் பட்டறைத் தொழிலாளர்களின் தங்குவிடுதியிலிருந்து.

சனிக்கிழமை மாலைதான் கேள்வி நேரம். கேள்வியைச் செய்தி வாசிப்பவரைப் போல உரக்கப் படிப்பது என் வேலை. அப்பா பதில் சொல்வார், மாமா தட்டச்சு செய்வார். அம்மா சமையலறையில் இருப்பாள். எங்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது.

அப்பா ஒரு வழக்கத்தைக் கண்டிப்பாக வைத்திருந்தார். கேள்வி கேட்க வேண்டுமானால் அதற்கு முன் ஒரு முழு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். முதலில் அந்த ஆட்டத்தின் முடிவு, பிறகுதான் கேள்வி. அடுத்த கேள்விக்கு அடுத்த ஆட்டம். "உருட்டிப் பாக்காம கேக்கறவனுக்கு நான் ஏன் பதில் சொல்லணும்?" என்பார். யாராவது முடிவை எழுத மறந்திருந்தால், கேள்வி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தள்ளிவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் அவர் ஹைகோர்ட் நீதிபதி.

கேள்விகளும் சும்மா சொல்லக்கூடாது. தங்குவிடுதிக்காரர் ஒருவர், தான் உருட்டிய பகடை மேல் கட்டிலில் படுத்திருந்தவரின் சாப்பாட்டுத் தட்டில் விழுந்து குழம்புக்குள் முழுகிவிட்டது, அந்த எண் செல்லுமா என்று கேட்டிருந்தார். கீழே உருட்டிய பகடை மேல் கட்டிலுக்கு எப்படிப் போனது என்று மாமாவுக்குச் சந்தேகம். அப்பாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். "மேசையத் தாண்டின பகடை செல்லாது. ஆனா சாப்பிட்டுக்கிட்டிருந்தவர் பகடையக் கையில எடுக்காம எண்ணப் பாத்து சாட்சி சொன்னா செல்லும்" என்றார். இன்னொருவர் வாராவாரம் ஒரே கேள்வியைக் கேட்பார். கம்ப்யூட்டர் ஆட்டம் எப்போது வரும்?

அதையும் மாமா செய்தே விட்டார். அவருடைய மடிக்கணினியில் ஒரு விசையைத் தட்டினால் ஒரு சீசன் முழுவதும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். யார் ஜெயித்தார்கள், யாருக்குக் காயம், யார் ஓய்வு பெற்றார்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அப்பா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள இது, ரொட்டி வாட்டற மெஷின் மாதிரி இருக்கு? ஆட்டம்னா காத்துக்கிட்டு இருக்கணும் லா" என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினார். மாமாவின் முகம் தொங்கிப்போய்விட்டது.

இதெல்லாம் நான் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு படித்தபோது. வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த காலம்தான். நான் மட்டும் சிரிக்க முடியாமல் திரிந்தேன். காரணம், எனக்கு ஒன்று தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் தேக்காச் சந்தைக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ரயிலை விட்டு இறங்கி, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் போகும் வழியில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. பாதிப் படி ஏறியதும் அப்பா நின்றார். கையிலிருந்த பைகளைக் கீழே வைத்தார். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். முகம் வேறு யாருடைய முகம் போலவோ இருந்தது.

"அப்பா?"

"வாயு. வேற ஒண்ணுமில்ல. காலைல சாப்பிட்ட பரோட்டா."

எங்களைக் கடந்து ஏறிப்போன ஒரு சீனப் பெரியவர் நின்று திரும்பிப் பார்த்தார். அப்பா அவரைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார், நன்றாக இருக்கிறேன் என்று. எனக்கு அந்தச் சிரிப்புதான் பயத்தைக் கிளப்பியது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். "அம்மாகிட்ட சொல்லாத குட்டி. அவ ஊரையே கூட்டிருவா" என்றார். மீன் பையை நான் வாங்கிக்கொண்டேன். 

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா குளியலறைக்குள் போனால் தண்ணீர் விழும் சத்தம் நிற்கிறதா, அவர் வெளியே வருகிறாரா என்று வாசலிலேயே நிற்பேன். லிஃப்ட் பழுது என்று யாராவது சொன்னால் படியிறங்கி ஓடி அவருக்காகக் கீழேயே காத்து நிற்பேன். அவர் பகடையை உருட்டும்போது நான் பகடையைப் பார்க்க மாட்டேன், அவர் மூச்சு விடுவதைப் பார்ப்பேன். சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. பத்து வயதில் அப்படி ஒரு ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதைப் போல ஒரு கொடுமை கிடையாது. இது போதாதென்று, அப்பாவின் கம்பெனியில் வருடாவருடம் நடக்கும் கிரிக்கெட் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கென்றே காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். பேட்டைப் பிடித்துக்கொண்டு பேய் மாதிரி ஓடுவார் அப்பா. அது எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பொங்கோல் ரசிகர் வந்தார்.

பெயர் என்ற இடத்தில் 'ஒரு ரசிகர்' என்றும், ஊர் என்ற இடத்தில் 'பொங்கோல்' என்றும் எழுதியிருந்தார். மற்றவர்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்து அள்ளிக் கொட்டுவார்கள். இவர் மட்டும் பள்ளிக்கூடக் கட்டுரை போல எழுதுவார். நான் படித்தேன்.

"ஆட்ட முடிவு: பொங்கோல் அணி தோல்வி. தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரிடமும் ஒவ்வொரு பொத்தான் குறைந்திருந்தபடியால் அவர்களுக்கு ஓய்வு கொடுத்தேன். கேள்வி: ஓர் ஆட்டக்காரர் தம் உடம்பில் உள்ள காயத்தை அணியிடம் மறைத்துவிட்டு ஆடினால், அதற்கு உங்கள் ஆட்டத்தில் என்ன விதி?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு பொத்தான் போனதுக்கே உக்கார வச்சிட்டாரா? இவரு கேப்டனா, தாதியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.  மறைத்துவிட்டு ஆடினால்! யாரோ எங்களைப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சீனப் பெரியவரா? அவருக்குத் தமிழ் எப்படித் தெரியும்? பொங்கோல் எங்கே, சுவா சூ காங் எங்கே? தீவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா மட்டும் கண்ணாடியைத் துடைத்தார். "நல்ல கேள்வி" என்றார். "எழுது மாப்ள. நம்ம ஆட்டத்துல எதையும் மறைக்க முடியாது. பொத்தான் கார்டு மேலயே இருக்கு. எல்லாருக்கும் தெரியும். அதனால விதி தேவையில்ல."

சமையலறையில் கரண்டி கொஞ்சம் பலமாகச் சட்டியில் இடித்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள், மூக்கைத் துடைக்க டிஷ்யூ தேடி அம்மாவின் கைப்பைக்குள் கையை விட்டேன். டிஷ்யூவோடு ஒரு வெள்ளைப் பகடை வந்தது. அம்மா ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கொண்டுபோகிற பை அது. "அம்மா, அப்பாவோட டைஸ் இங்க கிடக்கு" என்றேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "உன் சாமானெல்லாம் கண்ட இடத்துல போட்டு வச்சா இப்பிடித்தான். போ, போய் ஹோம்வொர்க்கப் பாரு" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். நான் போடவே இல்லை. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிய கோபத்தில் அன்று அவளோடு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பொங்கோல். மறுபடியும் தோல்வி, மிகவும் கேவலமான தோல்வி. இந்த முறை நல்ல பந்துவீச்சாளர்கள் எல்லாரையும் ஓய்வில் உட்கார வைத்திருந்தார். கேள்வி இதுதான்: "கார்டின் மேல் பொத்தான் தெரியும், சரி. மனிதர் மேல் தெரியாதே. படி ஏறும்போது மூச்சு வாங்குகிறவர், இரவில் சட்டை நனைய வியர்க்கிறவர், அடிக்கடி சோடா குடிக்கிறவர், இவர்களிடம் எத்தனை பொத்தான் மிச்சம் என்று அணியினர் எப்படித் தெரிந்துகொள்வது?"

படித்து முடித்ததும் அப்பா என்னைப் பார்த்தார். நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன், நான் இல்லை, சத்தியமாக நான் யாரிடமும் சொல்லவில்லை என்று. மாமா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிரிக்கெட்டுல எங்க அத்தான் படி வருது?" என்றார் மாமா.

"பெவிலியன்ல இருக்கும்ல படி" என்றார் அப்பா. ஆறாத கோப்பியை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். "இதுக்கு அப்புறம் பதில் சொல்றேன்னு போடு" என்றார். எந்தக் கேள்விக்கும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குப் பொங்கோல் ரசிகரைப் பிடிக்காமல் போய்விட்டது. யார் இந்த ஆள்? எதற்காக எங்கள் வீட்டை மோப்பம் பிடிக்கிறார்? ஆட்டமும் தெரியவில்லை, தோற்றுக்கொண்டே இருக்கிறார், கேள்வி மட்டும் நெஞ்சில் குத்துகிற மாதிரி கேட்கிறார். அதே நேரத்தில், அவர் கேட்டது எனக்கும் வேண்டிய கேள்விதான். அப்பாவிடம் எத்தனை பொத்தான் மிச்சம்?

அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழி இருந்தது, அல்லது இருப்பதாக நினைத்தேன். பள்ளி விட்டு வந்த ஒரு மத்தியானம், மாமாவின் மடிக்கணினியைத் திறந்தேன். புது ஆட்டக்காரரைச் சேர்க்க அதில் வழி உண்டு. பெயர்: அப்பா. வயதைப் போட்டேன். பேட்டிங் எல்லாம் நன்றாகவே கொடுத்தேன், பெற்ற தகப்பனுக்குக் குறைத்துப் போட மனம் வருமா? பொத்தான்கள் என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. மேம்பாலப் படியில் பார்த்த அந்த முகத்தை நினைத்துக்கொண்டு, ஒன்று என்று போட்டேன். விசையைத் தட்டினேன்.

'அப்பா – காயம். ஆட்டத்திலிருந்து நிரந்தரமாக விலகினார்.'

மறுபடி தட்டினேன். கொஞ்சம் தள்ளி அதே வரி வந்தது. மறுபடி தட்டினேன். பகடையாவது உருண்டு நிற்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்குள் சாமியை வேண்டிக்கொள்ளலாம். இந்தப் பாவி மெஷின் அதற்குக்கூட விடவில்லை. கடைசியில் பொத்தான்களைக் கூட்டினேன். கை நிறைய அள்ளிப் போடுகிற மாதிரி கூட்டினேன். அப்பா சீசன் முழுவதும் ஆடினார், சதம் அடித்தார், கோப்பையைத் தூக்கினார். ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. இங்கே பொத்தானைப் போட்டது நான். அங்கே யார் போடுவார்கள்? மூடியை அறைந்து சாத்திவிட்டுக் கட்டிலுக்கு ஓடிப் போர்வைக்குள் புகுந்து அழுதேன். மடிக்கணினி சொன்னால் நடந்துவிடும் என்று முழுதாக நம்பினேன். ஆட்டக்காரர்களின் எதிர்காலம் அதற்குத் தெரியும் என்று மாமாதானே எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை வந்தது. மறுநாள் கம்பெனிப் போட்டி. அப்பா காலையிலேயே புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். அம்மா, "ஏங்க, நாளைக்குப் போகத்தான் வேணுமா? ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம்" என்று ஆரம்பித்தாள். "எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன். ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். நான் சப்பாத்துகளை ஒளித்து வைத்துவிடலாமா என்று யோசித்தேன். ஒளித்தால் பழைய சப்பாத்தில் போவார்.

மாலை கேள்வி நேரம். இரண்டு மூன்று கேள்விகளைப் படித்தேன், அப்பா பதில் சொன்னார். அடுத்தது பொங்கோல். பெயரைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டேன்.

"படி குட்டி" என்றார் அப்பா.

"ஆட்ட முடிவு: பொங்கோல் அணி தோல்வி. கேள்வி: எங்கள் அணியில் ஒருவர் இருக்கிறார். உடம்புக்கு என்ன என்று எப்போது கேட்டாலும் ஒன்றுமில்லை என்கிறார். நாளை ஓர் ஆட்டம் இருக்கிறது. போகாதீர்கள் என்றாலும் கேட்க மாட்டார். அவரை வெளியே உட்கார வைக்க உங்கள் விதிகளில் ஏதாவது வழி இருக்கிறதா? தயவுசெய்து சொல்லுங்கள். அவர் இல்லாமல்…"

என்னால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. எழுத்துகள் எல்லாம் கலங்கிப்போயின. செய்தி வாசிக்கிற குரல் எங்கேயோ போய், கோணிக்கொண்டு ஓர் அழுகை வந்தது. மாமா பயந்துபோய், "ஏய், என்னடா? என்னாச்சு?" என்று என் கையைப் பிடித்தார். திரையைப் பார்த்து மிச்சத்தை அவரே மெதுவாகப் படித்தார்.

"அவர் இல்லாமல் எங்களுக்கு ஆடத் தெரியாது."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. கரண்டிச் சத்தம் இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார், பிறகு கதவில்லாத அந்த வாசலைப் பார்த்தார். ரொம்ப நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுது மாப்ள" என்றார். குரல் கரகரத்தது. "அதுக்கு விதி கிடையாது. கேப்டன் சொல்லியும் கேக்காதவன ஒண்ணும் பண்ண முடியாது. அந்த ஆட்டக்காரன்தான் தானா கையத் தூக்கணும். என்னால முடியலன்னு."

மாமா தட்டச்சு செய்து முடித்தார். "அவ்ளோதானா, அத்தான்?"

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார் அப்பா. "கையத் தூக்கிட்டான்னு போட்டுரு."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். அப்பா குனிந்து, மாலையிலும் கழற்றாமல் போட்டிருந்த அந்தப் புதுச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். "இந்தாம்மா" என்று சமையலறையைப் பார்த்து உரக்கச் சொன்னார். "நாளைக்கு நான் ஆடல. திங்கக்கிழம லீவு போடறேன். பாலிகிளினிக் போவோம்."

அம்மா வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்திருந்தாள். தோளில் ஒரு பை. துண்டு, பிளாஸ்க், அப்பாவின் அடையாள அட்டை எல்லாம் அதில் இருந்தன. "திங்கக்கிழமல்லாம் வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. தம்பி, டேக்ஸி கூப்பிடு" என்றாள். அம்மா எப்போது பையை அடுக்கினாள், அதற்குள் எப்படி முடிந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் டியூஷனுக்குக் கிளம்பவே என் பையை அரை மணி நேரம் தேடுகிறவள் அவள்.

ஆஸ்பத்திரிக்குப் போன அப்பாவை அன்று வீட்டுக்கு விடவில்லை. மறுநாளும் விடவில்லை. இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, ஓர் இடத்தில் இல்லை, பல இடங்களில். அன்று மட்டும் மைதானத்தில் ஓடியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாராம். மாமா பிறகு சொன்னார். நான் அந்த நாட்களில் பகடை கிடந்த மேசைப் பக்கமே போகவில்லை.  ஆபரேஷன் முடிந்து, இனிப் பயமில்லை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எனக்குப் பசி என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது.

அப்பாவைப் பார்க்க என்னை உள்ளே விட்ட அன்று, அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார், ஆனால் அது அவருடைய முகம்தான். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். கைப்பையைத் திறந்தாள். அதிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தானை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

அப்பா கையைத் திறந்து பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன், தையல் போட்ட நெஞ்சு வலிக்க வலிக்கச் சிரித்தார். ஆனால் கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

"பொங்கோல்லேர்ந்து வந்துச்சா?" என்றார்.

"ஆமா. அங்கேர்ந்துதான்" என்றாள் அம்மா. "ஒரு ஆட்டம் உக்காந்தீங்கள்ல. விதின்னா விதிதான்."

நான் பரபரவென்று திரும்பி வார்டு முழுவதும் பார்த்தேன். அந்த மனிதர் வந்திருக்கிறாரா? எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார்? பொத்தானைக் கொடுத்துவிட்டு எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாரா? எதிர்க்கட்டிலுக்குப் பழம் கொண்டுவந்திருந்த மீசைக்காரர்தான் அவர் என்று முடிவு செய்து, அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பராமரிப்பு நிலையத்தில் குழந்தைகள் தூங்கும் மத்தியான நேரத்தில், சத்தம் கேட்டு யாரும் விழித்துக்கொள்ளாதபடி ஒரு சின்ன மெத்தையின் மேல் பகடையை உருட்டி உருட்டி, பந்து பந்தாக, முழு ஆட்டங்களை ஆடியதாக அம்மா என்னிடம் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகு. "ஒரே போர் லா" என்றாள். "ஆனா ஆடாம கேட்டா உங்கப்பா பதில் சொல்ல மாட்டாரே. வீட்டு ஆளு கேட்டாலும் சொல்ல மாட்டாரு. என்னதான் பண்றது?"

அப்பா வீடு திரும்பியதும் சனிக்கிழமைக் கேள்வி நேரமும் திரும்பியது. ஜோகூர்க்காரர் எழுதினார், தங்குவிடுதிக்காரர் எழுதினார். பொங்கோலிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. வாராவாரம் தேடிப் பார்த்தேன். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் சமையலறைக்குப் போய், "அந்தப் பொங்கோல் அங்கிள் ஏன்மா இப்பல்லாம் எழுதறதே இல்ல?" என்று கேட்டேன்.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அவருக்கு வேண்டிய பதில் கெடச்சிருச்சு போல" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவரைப் போய் மனதுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன். நல்ல மனிதர், பொத்தானெல்லாம் கொடுத்தனுப்பினார். பாவம், கடைசிவரை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமலே போய்விட்டார் என்று ரொம்ப நாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.